மேரா சிகரம்: 14 நாளா, 19 நாளா?

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 38. கடந்த ஆண்டு எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து வந்தேன். முகாமுக்கு முந்தைய தங்குமிடமான கோரக்ஷெப்பில் இரவு முழுவதும் தலைவலி. வழிகாட்டி கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் பக்கத்திலுள்ள காலாபத்தர் குன்றும் ஏறிவிட்டேன். முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய செய்தியைப் படித்ததிலிருந்து நானும் ஒரு சிகரமாவது ஏற வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. வரும் மே விடுமுறையில் நேபாளத்தின் மேரா சிகரத்துக்குப் போக இரண்டு காத்மாண்டு நிறுவனங்களிடம் விசாரித்தேன். ஒன்று 14 நாள் திட்டம் தருகிறது. "98 சதவீத வெற்றி, கயிறு பிடித்த அனுபவம் தேவையில்லை" என்கிறது. இன்னொன்று 19 நாள் திட்டம். கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உடல் பரிசோதனையில் எல்லாம் சரி, ஹீமோகுளோபின் மட்டும் 10.4. பெண்களுக்கு இது சகஜம் என்றார்கள். உயர்மலை நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை முன்கூட்டியே போடலாமா? மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா? பூட்ஸ் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? அம்மா போகவே வேண்டாம் என்கிறார். நான் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், அடுத்த மே மாதம் போங்கள். 14 நாள் திட்டத்தில் எந்த மே மாதமும் போகாதீர்கள்.

தள்ளிப்போடச் சொல்வதற்கு முதல் காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 10.4. சகஜம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நம் நாட்டில் அது உண்மையிலேயே சகஜம்தான். ஆனால் சகஜமாக இருப்பதெல்லாம் ஆரோக்கியமாகிவிடாது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். திருநெல்வேலியில் வகுப்பெடுக்கவும் மாடிப்படி ஏறவும் 10.4 போதும். மேராவின் உயர முகாம் சுமார் 5,780 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஊரில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. வரும் சரக்கும் பாதி, சுமக்கும் வண்டிகளும் குறைவு என்றால் உடல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரத்துக்குப் போனதும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பு மஜ்ஜையைப் புதிய சிவப்பணுக்கள் செய்யச் சொல்கிறது. செய்வதற்கு இரும்புச்சத்து இருப்பில் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பே காலியாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு உயரத்தில் நுரையீரல் ரத்தக் குழாய்களின் அழுத்தமும் கூடுதலாக ஏறுகிறது. ஆகவே முதல் வேலையாக, அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் தெரியாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் ஆறு மாதத்தில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடுவீர்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காதீர்கள். உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். ஹீமோகுளோபின் ஏறுவதற்கும், அதன்பின் இருப்பு நிரம்புவதற்கும் மாதக்கணக்கில் ஆகும். மே மாதத்துக்குள் இது முடியாது.

இனி அந்த இரண்டு திட்டங்கள். கடிதத்தோடு இரண்டையும் இணைத்திருந்தது நல்லதாயிற்று. இத்தகைய தாள்களில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, உச்சியின் படத்தையும் அல்ல. எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப்போகிறோம் என்பதைத்தான் பார்ப்பேன். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கு எதிரிலும் அதன் உயரத்தைக் குறித்துப் பாருங்கள்.

14 நாள் திட்டத்தில் முதல் நாள் காத்மாண்டு, 1,400 மீட்டர். மறுநாள் லுக்லாவுக்கு விமானம். லுக்லா சுமார் 2,850 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். அதாவது நம் ஊரில் ஏற முடிந்த கடைசி அடியைவிட உயரமான இடத்தில் உங்கள் நடை தொடங்குகிறது. அங்கிருந்து சுத்தாங்கா என்ற இடத்தில் ஓர் இரவு. அடுத்து 4,600 மீட்டர் உயரமுள்ள ஜத்ர்வா லா கணவாயை நோக்கி ஏற்றம். காத்மாண்டை விட்ட மூன்றாம் இரவிலேயே 4,000 மீட்டருக்கு மேல் படுக்கை விரிக்கிறீர்கள். பிறகு கோத்தேவுக்கு இறக்கம், சுமார் 3,600. அடுத்த நாள் தாங்நாக், 4,350. அதற்கடுத்த நாளே காரே, 5,045. அங்கே ஒரு நாள் "ஓய்வும் பயிற்சியும்". பிறகு நேராக உயர முகாம், மறுநாள் உச்சி.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இரண்டாம் இரவு தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, இரவுதான் கணக்கு. இந்தத் திட்டத்தில் தாங்நாக்கிலிருந்து காரே வரை ஒரே நாளில் ஏறக்குறைய 700 மீட்டர், காரேயிலிருந்து உயர முகாம் வரை மறுபடி 700-க்கு மேல். ஜத்ர்வா லா பக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேராவுக்குப் போகிறவர்கள் நோய்வாய்ப்படுவதில் கணிசமான பங்கு சிகரத்தில் நடப்பதில்லை, அந்தக் கணவாயில் நடக்கிறது. சிகரத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஹெலிகாப்டரைப் பார்க்கிறார்கள்.

19 நாள் திட்டம் லுக்லாவிலிருந்து தெற்கே இறங்கி, பையா, பாங்கோம் கிராமங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு ஹிங்கு பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. முதல் சில இரவுகள் 3,000 மீட்டருக்குக் கீழேயே கழிகின்றன. மூங்கில் காடு, ஈரம், ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சலிக்கும் பாதை. வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இது நேர விரயமாகத் தோன்றும். உடலுக்கு இதுதான் முதலீடு. கோத்தேவுக்கு ஏறும் நாள் இதிலும் பெரிய தாவல்தான். அங்கே இரண்டாம் இரவு தங்க முடியுமா என்று கேளுங்கள். தாங்நாக்கில் இரண்டு இரவும், காரேயில் மூன்று இரவும், உச்சி நாளுக்குப் பின் ஒரு மாற்று நாளும் வைத்திருக்கிறார்கள். வெறும் எண்ணிக்கைக்காக நாளைக் கூட்டியவர்கள் இப்படிச் சரியான இடத்தில் கூட்டியிருக்க மாட்டார்கள். மலையில் உடம்பு கேட்பதைத் தெரிந்த யாரோ போட்ட திட்டம் இது.

லுக்லா விமானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெரிசலான பருவத்தில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டிலிருந்து கிளம்புவதில்லை. ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்துதான் கிளம்புகின்றன. நள்ளிரவு தாண்டி ஜீப்பில் ஏறி நாலைந்து மணி நேரம் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், மேகம் மூடிவிட்டது என்று சொல்லி உட்கார வைப்பார்கள். ஒரு நாள் போவது சாதாரணம், இரண்டு நாள் போனதும் உண்டு. 19 நாள் திட்டத்தில் அந்த ஒரு நாளைத் தாங்கிக்கொள்ளலாம். 14 நாள் திட்டத்தில் எந்த நாளை வெட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நடக்கும் நாளை வெட்ட முடியாது. காரேயின் ஓய்வு நாளைத்தான் வெட்டுவார்கள்.

98 சதவீதம் என்பதற்கு வருவோம். யாரைக் கணக்கில் எடுத்தார்கள்? கிளம்பிய அனைவரையுமா, உயர முகாம் வரை வந்தவர்களை மட்டுமா? தாங்நாக்கிலேயே திரும்பியவர் இதில் இருக்கிறாரா? சிகரத்தின் உயரத்திலேயே விளம்பரங்கள் ஒத்துப்போவதில்லை. மேராவின் வடக்கு உச்சி 6,476 மீட்டர். குழுக்கள் வழக்கமாக ஏறுவது 6,461 மீட்டர் உயரமுள்ள மத்திய உச்சி. சில இடங்களில் 6,654 என்று ஒரு பழைய பிழையும் இன்னும் உலவுகிறது. இதனால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. எண்களை எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

வெற்றி விகிதத்தைக் கேட்பதற்குப் பதில் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: "உயர முகாமில் எனக்கு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால், அந்த இரவிலேயே என்னோடு கீழே இறங்கப்போகிறவர் யார்? அவர் இறங்கிவிட்டால் மற்றவர்களை யார் அழைத்துப்போவார்?" ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. ஒருவர் நோய்ப்பட்டால் எல்லோரும் இறங்க வேண்டும். அப்படி இறங்க யாருக்கும் மனம் வராது என்பதால் நோய்ப்பட்டவரைக் கூடாரத்தில் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. நல்ல நிறுவனம் இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதும்: இத்தனை பேருக்கு இத்தனை வழிகாட்டிகள், இன்னார் தலைமை வழிகாட்டி, அவருடைய தகுதி இது. நேபாள தேசிய மலை வழிகாட்டிகள் சங்கம் 2012-இல் மலை வழிகாட்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. அந்தச் சர்வதேசச் சான்று பெற்ற வழிகாட்டி கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள். கிடைக்காவிட்டால், பெயரும் மேராவில் அவருக்கு இருக்கும் அனுபவமுமாவது எழுத்தில் வர வேண்டும். "அனுபவமிக்க ஷெர்பா" என்ற இரண்டு சொல்லுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

கூடவே, மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் காரே வரையாவது வருகிறதா, செயற்கைக்கோள் தொலைபேசி யார் கையில் இருக்கும், உச்சி நாளன்று எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் கேட்டு வாங்குங்கள். சுமைதூக்கிகளைப் பற்றியும் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை கிலோ, காப்பீடு உண்டா, இரவில் எங்கே படுக்கிறார்கள். இதைக் கருணையால் மட்டும் சொல்லவில்லை. சுமைதூக்கிக்குக் கம்பளி கொடுக்காத நிறுவனம் உங்களுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

திரும்புவது பற்றி ஒரு வார்த்தை. 2016 மே மாதம் இலங்கையிலிருந்து ஜெயந்தி குரு-உதும்பாலவும் யோஹான் பீரிஸும் எவரெஸ்ட் சென்றார்கள். ஜெயந்தி உச்சியைத் தொட்டு, எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையரானார். யோஹான் உச்சிக்குச் சுமார் 400 மீட்டர் கீழே ஆக்சிஜன் கோளாறால் திரும்பிவிட்டார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் திரும்புவது எளிதன்று. 2018 மே மாதம் மறுபடி போய் ஏறினார். இரண்டாம் முறை போவதற்கு ஆள் இருந்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

உங்கள் கோரக்ஷெப் தலைவலி எனக்குக் கவலை தருகிறது. 5,164 மீட்டரில் தலைவலி வருவது அதிசயமில்லை. வந்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் மேலே போனீர்களே, அதுதான் பிரச்சினை. என்ன மாத்திரை என்றுகூட நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. பாராசிட்டமாலாக இருந்தால் தப்பித்தீர்கள். டெக்சாமெத்தசோனாக இருந்தால், அது மூளை வீக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டே ஆளைக் கீழே இறக்குவதற்கான மருந்து. அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுகிறவர் எரியும் வீட்டில் எச்சரிக்கை மணியின் கம்பியை வெட்டிவிட்டுத் தூங்கப்போகிறார். இனி பெயர் தெரியாத எதையும் விழுங்காதீர்கள்.

தலைவலியோடு குமட்டலோ, மிகுந்த சோர்வோ, தலைச்சுற்றலோ இருந்தால் அது உயர்மலை நோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவில் பூண்டு சேரவில்லை, வெயில் பட்டது, தூக்கம் போதவில்லை என்று மலையில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் அதே உயரத்தில் நில்லுங்கள். சரியானால் மேலே போகலாம், மோசமானால் கீழே. இதற்குள் தயங்க இடமிருக்கிறது. தயங்க இடமில்லாமல் உடனே கீழே இறங்க வேண்டிய நிலைகள் இரண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து, இருமல் வந்து, உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது.

இரண்டாவது ஏமாற்றும். அடிவார முகாம் பாதையில் ஒரு தேநீர் விடுதியில் பார்த்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னார், பேர் ஊர் எல்லாம் சொன்னார். ஆனால் வலது பூட்ஸின் கயிற்றை முடிச்சுப் போடத் தொடங்கியவர் முடிக்கவே இல்லை. ஒரு கண்ணியைப் போடுவார், கையில் பிடித்தபடி பார்ப்பார், விடுவார், மறுபடி போடுவார். கூட வந்தவர்கள் களைப்பு என்று நினைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, ஒரு காலின் விரல்நுனியில் மற்ற காலின் குதிகால் படும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அந்த மாலையே ஆக்சிஜனோடு கீழே இறக்கினோம்; பிழைத்தார். தினமும் மாலையில் நீங்களும் குழுவினரும் ஒருவரையொருவர் இந்த நேர்க்கோட்டு நடை நடக்க வைத்துப் பாருங்கள். விளையாட்டாகச் செய்தாலும் சரி. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைவிட இது பயன்படும். 5,000 மீட்டரில் அந்தக் கருவி 80, 82 சதவீதம் என்று காட்டுவது சகஜம். குளிர்ந்த விரலில் இன்னும் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, 88 இருக்கிறதே என்று தலைவலியை மறைத்தவர்களும் உண்டு.

டயமாக்ஸ் போடலாம். உங்களுக்கு ஏற்கனவே தொந்தரவு வந்திருப்பதால் போடுவதே நல்லது என்பேன். தடுப்பாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், உயரத்துக்கு ஏறும் முந்தைய நாளில் தொடங்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து உங்கள் மருத்துவர் எழுதித் தரட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். விரல்நுனியும் உதடும் மரத்ததுபோல் சுருக்சுருக்கென்று இருக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த மாத்திரை அறிகுறிகளை மறைப்பதில்லை. மூச்சைக் கூட்டி, உடல் தானாகச் செய்யும் பழக்கத்தைச் சற்று முன்னதாகத் தொடங்கி வைக்கிறது. ஆனால் 14 நாளை 19 நாளாக்கும் சக்தி அதற்குக் கிடையாது. டயமாக்ஸ் கொடுக்கிறோம், ஆகவே நாட்கள் குறைவு என்று எந்த நிறுவனமாவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இரவில் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதாக உணர்ந்து விழித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். உயரத்தில் அது பெரும்பாலோருக்கு உண்டு. தூக்க மாத்திரையும் மதுவும் மட்டும் கூடாது.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நம் வீடுகளில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் அதே நோரெதிஸ்டிரோனைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் நாலு நாளைக்குப் போடுவதும், உயரத்தில் வாரக்கணக்கில் போடுவதும் ஒன்றல்ல. அங்கே உடலில் நீர் வற்றும், ரத்தம் கெட்டிப்படும், பனிப்பொழிவு வந்தால் கூடாரத்துக்குள் அசையாமல் கிடக்க நேரும். ரத்தக் கட்டி உருவாக இவை எல்லாம் துணைபோகும். இந்த மாத்திரையும், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைகளும் அந்த அபாயத்தைக் கூட்டக்கூடியவை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் வேண்டவே வேண்டாம். இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் பயண நாட்களைச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு இருக்கும் ரத்தசோகையால் ரத்தப்போக்கைக் குறைக்கும் வேறு வழி ஒன்றை அவரே சொல்லக்கூடும். எதுவும் வேண்டாம் என்றாலும் நடக்கும். உயர முகாமில் மற்றவர்களுக்குத் தொந்தரவு தராத அளவுக்கு உங்களுக்கென்று ஒரு மூடியுள்ள பையும், இரவில் கூடாரத்தைவிட்டு வெளியே போகாமல் சிறுநீர் கழிக்க அகன்ற வாய்ப் புட்டியும் புனலும் இருந்தால் போதும். வெளியே போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கயிற்று அனுபவம் தேவையில்லை என்று நிறுவனம் சொன்னது பாதி உண்மை. மேராவில் செங்குத்துச் சுவர்கள் இல்லை. பெரும்பகுதி பனியாற்றின் மீது, எல்லோரும் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு மெல்ல நடப்பதுதான். உச்சிக்குக் கீழே கடைசித் துண்டு மட்டும் சாய்வு கூடியது; அங்கே கட்டப்பட்ட கயிற்றில் ஜூமாரை (மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) மாட்டி ஏற வேண்டும். காரேயில் ஓர் அரைநாளில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். வெயிலில், வெறுங்கையில், 5,000 மீட்டரில் சொல்லிக்கொடுப்பதை விடியற்காலை இருட்டில், தடித்த கையுறையோடு, 6,400 மீட்டரில் செய்ய வேண்டும். கயிறு நடுநடுவே பனியில் அடித்த முளைகளில் கட்டப்பட்டிருக்கும். முளை வந்ததும் முதலில் பாதுகாப்புக் கொக்கியான காரபினரை முளைக்கு அந்தப் பக்கக் கயிற்றில் மாட்ட வேண்டும், பிறகே ஜூமாரைக் கழற்றி அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஒரு கணம் உங்களை மலையோடு சேர்த்துவைக்க ஒன்றும் இருக்காது. களைத்த மூளை வரிசையை மாற்றும். யோசிக்காமல் கை செய்ய வேண்டும் என்றால் பல நாள் செய்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த மே விடுமுறைக்கு வேறு ஒரு வேலை சொல்கிறேன். உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும், டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனமும் அடிப்படை மலையேற்றப் பயிற்சியை ஏறக்குறைய நான்கு வாரம் நடத்துகின்றன. டென்சிங் நோர்கேயே டார்ஜிலிங்கில் களப்பயிற்சி இயக்குநராக இருந்தவர். தனியார் பயண நிறுவனங்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. பாறை, பனி, கயிறு, பனிப்பிளவில் விழுந்தவரை மீட்பது எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். இடங்கள் வெகு முன்பே நிரம்பிவிடும், வயது வரம்பும் உண்டு; உங்களுக்கு 38 ஆகிவிட்டதால் இன்றைக்கே விதிகளைப் பார்த்து விண்ணப்பியுங்கள். பயிற்சியும் உயரத்தில்தான் நடக்கிறது, மருத்துவச் சான்றும் கேட்பார்கள். ஆகவே ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியிருக்க வேண்டும். மே மாதத்துக்குள் அந்த எண் வராவிட்டால் அதற்கடுத்து வரும் வகுப்பில் சேருங்கள், மேராவும் அதற்கேற்பத் தள்ளிப்போகட்டும்.

பயிற்சி முடிந்ததும் உங்களுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு இருக்கிறது. பொதிகை மலைப் பக்கம் வாழ்கிறவருக்கு ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினப்படிக்குப் பள்ளிக்கூட மாடிப்படியே போதும்: முதுகில் பத்து கிலோ, முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள். வாரக்கடைசியில் ஒரு நீண்ட நடை, மறுநாள் களைத்த காலோடு இன்னொன்று. ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். மேராவின் உச்சி நாளில் உயர முகாமிலிருந்து சுமார் 680 மீட்டர் ஏறுவீர்கள். அதே நாளில் காரே வரை 1,400 மீட்டர் இறங்குவீர்கள். தொடை நடுங்குவது இறக்கத்தில்தான்.

காப்பீட்டில் ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊரில் விற்கும் சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை கயிறும் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் உலோக முட்கள்) பயன்படுத்தும் மலையேற்றத்தை விலக்கிவைத்திருக்கும், அல்லது ஓர் உயரத்துக்கு மேல் செல்லாது. 6,500 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட என்று பாலிசியின் வாசகத்திலேயே இருக்க வேண்டும்; முகவர் தொலைபேசியில் சொன்னது செல்லாது. மறுபக்கம், தேவையில்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணம் கறக்கும் மோசடியை 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. லேசான தலைவலிக்கு "ஹெலிகாப்டர் கூப்பிடலாமா?" என்று ஆர்வத்தோடு கேட்கும் வழிகாட்டியிடமும் எச்சரிக்கையாக இருங்கள். நடந்து இறங்க முடிந்தால் நடந்து இறங்குவதே மருந்து. வெளிநாட்டுப் பயணத்துக்கான துறை அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள். நேபாளத்துக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவிடம் சிகரத்தின் படத்தைக் காட்டாதீர்கள். 19 நாள் தாளைக் காட்டி, எந்த இரவு எங்கே இருப்பீர்கள், எந்த ஊரில் தொலைபேசி கிடைக்காது, யாரை அழைத்துக் கேட்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்பார். அது அவர் உரிமை.

எவரெஸ்ட் ஆசை இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. 2025 செப்டம்பரிலிருந்து வசந்த காலத்து அனுமதிக் கட்டணம் மட்டுமே 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராகிவிட்டது. மேராவில் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பின், இடையில் ஒரு 7,000 மீட்டர் சிகரமும் முடித்த பின் பேசுவோம்.

பூட்ஸை வாடகைக்கு எடுக்கலாம். ஒரு சிகரத்துக்காக இரட்டை அடுக்குப் பனிக் காலணி வாங்குவது வீண் செலவு. காத்மாண்டின் தமேல் கடைகளில் கிடைக்கும்; காரேயில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், உங்கள் அளவு அங்கே மீதமிருக்காது. நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். மலையில் போடப்போகும் அதே தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, கடை வாசல் படியில் இறங்குவதுபோல் முன்பக்கம் சாய்ந்து நின்று பாருங்கள். விரல்கள் முனையில் இடித்தால் ஓர் அளவு பெரியது கேளுங்கள். இடிக்கும் விரலில்தான் பனிக்கடி முதலில் வரும். குதிகால் உள்ளே தூக்கினால் வேறு ஜோடி. கடைக்காரர் "நடக்க நடக்கச் சரியாகிவிடும்" என்பார். அடுத்த கடைக்குப் போங்கள்.